மருதாணிக் கையும் ஐந்து நட்சத்திரமும்

என் பியூட்டி பார்லருக்கு இணையத்தில் வந்த முதல் பாராட்டை எழுதியவர் என் கணவர். துறைமுகத்துச் சரக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் அவருக்கு வேலை. தடித்த மீசையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக இருக்கும் தன் படத்துக்குக் கீழே ஐந்து நட்சத்திரம் போட்டு இப்படி எழுதியிருந்தார்: "இங்கு நான் அடிக்கடி வருகிறேன். புருவம் திருத்துவது மிக அருமை. பெண்களுக்குப் பாதுகாப்பான இடம்."

எழுதச் சொன்னது நான்தான். என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காமல் விட்டதும் நான்தான். இரண்டு நாள் கழித்து முடி வெட்ட வந்த ஒரு பெண் நாற்காலியில் சாய்ந்தபடி போனைப் பார்த்துவிட்டு, "இந்த சாரு வந்தா எந்தச் சேர்லக்கா உக்காருவாரு?" என்று கேட்டாள். நான் கத்தரிக்கோலைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

தூத்துக்குடியில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே இருக்கிறது என் பார்லர். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே புகுந்து, செங்குத்தான படியில் ஏறி வரவேண்டும். பல வருஷம் அப்படித்தான் வந்தார்கள். ஒருத்தி வந்தால் தங்கையைக் கூட்டி வருவாள், தங்கை வந்தால் மதினியைக் கூட்டி வருவாள். அதற்கு மேல் ஒரு விளம்பரம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பிறகு அடுத்த தெருவில் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்து ஒரு பார்லர் திறந்தார்கள். போனில் வரைபடத்தைத் திறந்தால் அவர்கள் பெயருக்கு நேரே நட்சத்திரங்கள் வரிசையாக மின்னின. என் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை.

ஒருநாள் மத்தியானம் இரண்டு பெண்கள் கீழே படிக்கட்டில் நின்று மேலே பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள். "இதுக்கு ஒண்ணுமே போடலடி, வா போவோம்" என்று ஒருத்தி சொன்னது ஜன்னல் வழியாக எனக்கு நன்றாகக் கேட்டது. அப்போது என் பல்லிடுக்கில் நூல் இருந்தது. நூலின் மறுமுனையில் ஒரு டீச்சரின் இடது புருவம் இருந்தது. அந்தப் புருவம் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மெலிந்து போனது.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். கணவருக்கு அடுத்து சொந்தக்காரர்கள். சாயர்புரத்தில் இருக்கும் அத்தை மகளுக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். அவள் "பார்க்கிங் வசதி நன்று" என்று எழுதினாள். எங்கள் வாசலில் ஒரு சைக்கிளைச் சாய்த்து வைக்கக்கூட இடம் கிடையாது. துபாயில் இருக்கும் சித்தி மகனிடம் சொன்னேன். அவன் யாரோ கூட்டாளியின் ஓட்டலுக்கு எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டிருப்பான் போல. "சாப்பாடு சூடாக இருந்தது, அளவும் தாராளம்" என்று என் பார்லருக்குக் கீழே நின்றது. இது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கல்யாண வீட்டில் கூட்டம் காட்டுவதற்கு நாலு சொந்தத்தை முன்வரிசையில் உட்கார வைப்போமே, அந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது கண்ணாடியில் ஒட்டிய அட்டை. "ஐந்து நட்சத்திரம் தந்தால் புருவம் இலவசம்." கலர் பேனாவால் நானே எழுதியது. ஓரத்தில் பூவெல்லாம் போட்டிருந்தேன். முதல் வாரத்திலேயே ஒரு கல்லூரி ஆசிரியை அதை நிதானமாக வாசித்துவிட்டுக் கேட்டார்: "நாலு குடுத்தா ஒரு புருவம் மட்டும் எடுத்து விடுவியளோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெட்கப்பட்டு அட்டையை எடுத்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் எடுத்தது அடுத்த வாரம், பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலே திரண்டு வந்து இலவசப் புருவத்துக்கு வரிசையில் நின்றபோது. நூல் இழுத்து இழுத்து என் தாடை வீங்கிப் போனது.

என்னோடு வேலை பார்ப்பவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கடற்கரைப் பக்கத்துக்காரி. எனக்கு முன்பே மூன்று பார்லர்களில் இருந்தவள். தொழில் வழக்கப்படி அவள் என்னை அக்கா என்பாள், வயசுக்கு மரியாதையாக நான் அவளை அக்கா என்பேன். நான் அட்டையைக் கிழித்தபோது பக்கத்தில் வந்தாள். தைலத்தை எடுத்து என் தாடையில் தேய்த்துவிட்டாள்.

இதற்கெல்லாம் பிறகுதான் மருதாணி யோசனை வந்தது. யோசனை என்னுடையதுதான், யாரையும் காட்டிக் கொடுக்க வழியில்லை.

கல்யாணப் பெண்ணுக்கு மருதாணி போட்டால் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நாலு மணி நேரத்துக்கு எதற்கும் ஆகாது. தண்ணீர் குடிக்க ஸ்ட்ரா, மூக்கு அரித்தால் சொறிந்துவிட ஒரு ஆள், போன் வந்தால் காதில் வைத்துப் பிடிக்க ஒரு ஆள். அந்த ஆள் பெரும்பாலும் நான்தான். சாயங்காலம் வரைக்கும் பெண்ணின் போன் என் மடியில் கிடக்கும். பூட்டைத் திறக்க வேண்டுமென்றால் போனை அவள் முகத்துக்கு நேரே ஒரு தடவை காட்டினால் போதும். அப்படி ஒருநாள் காட்டிவிட்டு, "கண்ணு, நம்ம பார்லருக்கு ஒரு அஞ்சு போட்டு விட்டிரட்டா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை "சரிக்கா" என்றாள். இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, தலைக்குப் பின்னால் சீப்போடு நிற்கிறவளிடம் வேறு என்ன சொல்வாள்?

நட்சத்திரத்தோடு நின்றிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான், என்னால் நிற்க முடியவில்லை. "சொல்ல வார்த்தைகள் இல்லை" என்று தொடங்கி ஆறு வரி எழுதினேன். அடுத்த பெண்ணுக்கும் எழுதினேன். அந்த சீசன் முழுக்க, மருதாணி போட்ட அத்தனை பேரின் போனிலும் எழுதினேன்.

ஒருநாள் என்னோடு இருப்பவள் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க்கா, எல்லாப் பொண்ணுவளுக்கும் சொல்ல வார்த்தை இல்லாமப் போவுது. பொறவு எல்லாவளும் ஆறு வரி எழுதுதுவளே, எப்படி?"

"நல்ல தமிழ் படிச்ச பிள்ளைங்கக்கா" என்றேன்.

"பாத்தாலே தெரியுது" என்றாள்.

சாகுபுரத்திலிருந்து அந்தப் பெண் வந்தது அந்த சீசனின் கடைசியில். அப்பாவுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. இவள் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். பேச்சு குறைவு. மேக்கப் எப்படி இருக்கும் என்று பார்க்க முதல் தடவை வந்தபோது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்கு என் கலர்லயே இருக்கணும்க்கா. வெள்ளையாக்க வேண்டாம்."

"சரிம்மா" என்றேன்.

சரி என்று வாய்தான் சொன்னது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெண்கள் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேடையில் ஏறியதும் சொந்தபந்தம், "பொண்ணு பளிச்சுனு இருக்கா" என்று சொன்னால் அவர்களும் சந்தோஷப்படுவார்கள், அவர்கள் அம்மாவும் சந்தோஷப்படுவாள் என்பது என் முடிவு. அவர்களை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நாங்கள் இருவரும் மருதாணி போட சாகுபுரத்துக்குப் பஸ்ஸில் போனோம். வீடு முழுக்கப் பெண்கள். அவளுடைய சித்தி ஊட்டிவிட, தோழிகள் கேலி பேச, நான் வழக்கம்போல மடியில் இருந்த போனை எடுத்தேன்.

"கண்ணு, ஒரு அஞ்சு போட்டு விட்டிரட்டா?"

"இன்னும் மேக்கப்பே போடலயேக்கா."

"அது சும்மா ஒரு இதுக்கும்மா. எல்லாரும் போடுததுதான்."

தோழி ஒருத்தி ஏதோ சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே, "சரி, என்னமும் செய்ங்க" என்றாள். உடனே மறுபடியும் சொன்னாள். "கலர் மட்டும் ஞாபகம் வச்சிக்கிடுங்கக்கா." நான் சரிம்மா என்று சொல்லிவிட்டு போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். பிறகு சுவரோரம் உட்கார்ந்து எழுதினேன். "சொல்ல வார்த்தைகள் இல்லை. என் திருமண நாளன்று கண்ணாடியில் பார்த்தபோது அது நான்தானா என்று வியந்து நின்றேன்." இன்னும் நடக்காத கல்யாணத்தின் இன்னும் பார்க்காத கண்ணாடியைப் பற்றி எழுதுகிறேன் என்று கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கீழே ஒரு பூப்படம் வேறு போட்டேன்.

திருச்செந்தூரில் மண்டபம். விடிந்ததும் வேலையை ஆரம்பித்தோம். கடற்காற்றின் ஈரம் சுவரிலேயே தெரிந்தது. ஃபவுண்டேஷன் டப்பாக்கள் இரண்டு என் பையில் இருந்தன. ஒன்று அவள் நிறம், இன்னொன்று அதைவிட மூன்று படி வெளுப்பு. நான் எடுத்தது எது என்று சொல்லத் தேவையில்லை. முடித்த பிறகு அவள் கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்கா, இது என் கலர் இல்லையே."

"டியூப்லைட்ல அப்படித் தெரியும்மா. போட்டோல சரியா வரும் பாரு."

அவளுடைய சித்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "ஆத்தி, என்ன வெளிச்சமா இருக்கா" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. நேரமாகிவிட்டது என்று வெளியே கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போய்விட்டாள். மேடையில் வீடியோ லைட் பட்டதும் எனக்கே தெரிந்தது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணிக் கை ஒரு நிறம். நான் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் படியேறி வந்தாள். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி தலையில் டை, ஒருத்தி முகத்தில் ஃபேஸ் பேக், ஒருத்தி காத்திருந்தாள். புதுப்பெண்ணாக வந்தவளைப் பார்த்ததும், ஆல்பத்தைக் காட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து, "வாம்மா, வா, மாப்ளை வரலையா?" என்று கூவினேன்.

அவள் உட்காரவில்லை.

"அக்கா, உங்க கடைக்கு ரிவ்யூ எழுதணும்னு போனேன். நான் ஏற்கெனவே எழுதியாச்சுன்னு காட்டுது."

நான் கையிலிருந்த டை பிரஷை ஓரமாக வைத்தேன்.

"அன்னைக்கு நீங்க சும்மா ஸ்டார்தான் போடுதியன்னு நெனச்சேன். இவ்வளவு எழுதுவியன்னு தெரியாது. எங்க சித்தி மக இத வாசிச்சிட்டு உங்களுக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கா. என் கல்யாணத்துக்கு அவளால வர முடியல. பரீட்சை. போட்டோ பாத்துட்டு எனக்குப் போன் போட்டு, என்னக்கா இப்படி இருக்க, ஆனா நீயே நல்லா எழுதியிருக்கியே, அதான் நானும் அங்கனயே சொல்லிட்டேன்னு சொல்லுதா."

பிறகு போனைப் பார்த்து, அந்த ஆறு வரியையும் வாசித்தாள். லேப் ரிப்போர்ட் வாசிக்கும் குரல், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. என் எழுத்தை நான் வேறொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. பூப்படத்தைக்கூட விடாமல், "இங்கன ஒரு பூ" என்றாள். டை போட்டிருந்தவள் தலையைத் திருப்பினாள். "கண்ணாடியில் பார்த்தபோது அது நான்தானா என்று வியந்து நின்றேன்" என்ற இடத்தில் மட்டும் நிறுத்தினாள்.

"இந்த ஒரு வரி நெசம்க்கா" என்றாள்.

நான் அப்போது சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "உக்காரும்மா, உனக்கு ஒரு கோல்டு ஃபேஷியல் போட்டு விடுதேன், காசெல்லாம் வேண்டாம்" என்றேன்.

"அதுக்குத்தான் வந்தேன்னு நெனச்சியளா?"

"இல்லம்மா. அப்போ நான் அத அழிச்சிரட்டா?"

"உங்களால அழிக்க முடியாது. அது என் பேர்ல இருக்கு. நானே மாத்திக்கிடுதேன். வீட்லயே மாத்தியிருக்கலாம். உங்களுக்குத் தெரியாமச் செய்யக் கூடாதுன்னுதான் வந்தேன்."

காத்திருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதினாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் ஏற்கெனவே சுத்தமாக இருந்த சீப்புகளை மறுபடி கழுவினேன். எழுதி முடித்து, போனை என்னிடம் நீட்டிக் காட்டினாள். இரண்டு நட்சத்திரம். "மருதாணி நன்றாக இருந்தது. தலை அலங்காரம் கலையாமல் நின்றது. முகத்தின் நிறத்தை மாற்ற வேண்டாம் என்று மூன்று முறை சொன்னேன், மாற்றினார்கள். என் பெயரில் முன்பு இருந்தது நான் எழுதியது அல்ல." அவ்வளவுதான். திட்டு ஒன்றும் இல்லை. ஒரு திட்டாவது இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு கோபப்பட்டிருப்பேன்.

அவள் போன பிறகு கோபம் எப்படியும் வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தேன். மண்டபத்தின் லைட், போட்டோகாரரின் அனுபவமின்மை, திருச்செந்தூர்க் கடற்காற்றின் உப்பு என்று மூன்று பத்தி வந்தது. என்னோடு இருப்பவளிடம் வாசித்துக் காட்டினேன்.

"காத்து எப்படிக்கா வெள்ளையாக்கும்?" என்று கேட்டாள். "எங்க ஊட்டு ஆம்பளைய எல்லாம் முப்பது வருசமா அந்தக் காத்துலதான் கெடக்காவ. ஒருத்தரும் வெளுக்கலையே."

கீழே பெயின்ட் கடை அண்ணாச்சிக்கும் விஷயம் போயிருந்தது. டை போட்டுப் போனவள் படியில் இறங்கும்போதே யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "காம்பவுண்டுச் செவத்துக்குப் பெயின்ட் வாங்க வந்தாலும், கலர் அட்டைய நீட்டி எது வேணும்னு கேட்டுட்டுத்தான் டப்பாவத் தொறக்கேன். நீ ஒரு பிள்ளை மூஞ்சிக்குக் கேக்கலையே தாயி" என்றார். நான் டப்பாக்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தேன்.

வீட்டில் கணவர் ஆறுதலாக, "நான் வேணா இன்னொரு ஐடில ஒரு அஞ்சு போடட்டா?" என்று கேட்டார். அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான்.

மறுநாள் பதிலை எழுதினேன். நாலு வரி எழுத ஒரு காலை முழுக்க ஆனது. "நிறம் பற்றி இவர் மூன்று முறை சொன்னது உண்மை. நான் கேட்கவில்லை, தவறு என்னுடையது. இவர் பெயரில் முன்பு இருந்ததை எழுதியதும் நான்தான். மன்னிக்க வேண்டும்." பரிசு வாங்கிய கட்டுரைக்குக்கூட நான் இவ்வளவு பாடுபட்டதில்லை.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் என்னோடு இருப்பவள், "மத்த பொண்ணுவளுக்கு?" என்று கேட்டுவிட்டு நூலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆகவே, எழுதச் சொன்னவர்களிடமெல்லாம் எடுக்கச் சொல்லும் வேலை ஆரம்பித்தது. எழுதச் சொல்வது எவ்வளவோ சுலபம்.

துபாய்த் தம்பிக்கு எந்த ஐடியில் போட்டான் என்றே ஞாபகம் இல்லை. அந்தச் சூடான சாப்பாடு இன்றும் அங்கே இருக்கிறது. சாயர்புரத்து அத்தை மகள் பொரிந்து தள்ளினாள். "அன்னைக்குப் போடுன்னு கெஞ்சுன, இன்னைக்கு எடுன்னு சொல்லுத. எனக்கு வேற சோலி இல்லன்னு நெனச்சியா?" எடுத்தாள். எடுத்துவிட்டு, ஒரு தடவை என்னிடம் டை அடித்திருக்கிறாள் அல்லவா, அந்த உரிமையில் ஒரு நட்சத்திரம் போட்டு "நிர்வாகம் சரியில்லை" என்று எழுதினாள். என் கணவர் தன்னுடையதை அழிக்க ரொம்ப வருத்தப்பட்டார். பலபேர் அதற்கு லைக் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினார். எதற்காகப் போட்டார்கள் என்று நான் விளக்கவில்லை.

மருதாணிப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "உன் பேர்ல நான் எழுதுனது ஒண்ணு இருக்கும்மா. அத எடுத்துரு. வேணும்னா உனக்குத் தோணுனத எழுது, இல்லைன்னா விட்டிரு" என்று ஒப்பித்தேன். சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒருத்தி மட்டும் பதறிப்போனாள். "அக்கா, எங்க வீட்டுக்காரரு அத வாசிச்சிட்டு, நீ இவ்வளவு நல்லா எழுதுவியான்னு எல்லார்ட்டயும் காட்டிக்கிட்டு இருக்காவ. அத அழிக்கச் சொல்லாதிய." என் எழுத்துக்குக் கிடைத்த ஒரே உண்மையான பாராட்டு அது. அதையும் கெஞ்சித்தான் அழிக்க வைத்தேன்.

நட்சத்திரங்கள் சரிந்தன. அடுத்த தெருக் கண்ணாடிக் கதவு இன்னும் பளபளத்தது.

இனி யாரிடமும் எழுதச் சொல்லிக் கேட்பதா வேண்டாமா என்று இருவரும் பேசினோம். கேட்காமலே இருந்தால் கோபக்காரர்கள் மட்டும்தான் எழுதுவார்கள், அத்தை மகள் மாதிரி. கேட்கத்தான் வேண்டும். எப்படிக் கேட்பது என்பதுதான் சிக்கல். நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு அட்டை எழுதினேன். "நன்றாக இருந்தால் இணையத்தில் எழுதுங்கள். குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்." பெரிய கடைகளில் பார்த்திருக்கிறேன். நாகரிகமாகத்தானே இருக்கிறது என்று அவளிடம் காட்டினேன்.

"அப்போ நல்லது வெளிய, கெட்டது உள்ள. அப்படித்தானக்கா?"

அந்த அட்டையும் போனது. கடைசியில் ஒரு செய்தியை முடிவு செய்தோம். "எங்களிடம் வந்ததற்கு நன்றி. எப்படி இருந்தது என்று உள்ளபடி எழுத விரும்பினால் இந்த இணைப்பில் எழுதலாம்." முதலில் நான் "உங்கள் அன்பு நட்சத்திரங்களை" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அவள் அதை அடித்துவிட்டாள். வந்தவர் எல்லாருக்கும் அதே செய்தி, ஒரே ஒரு தடவை, அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு. கல்யாணப் பெண்களுக்குப் பத்து நாள் கழித்து, போட்டோ கைக்கு வந்திருக்கும் நேரத்தில். இலவசம், தள்ளுபடி எதுவும் கிடையாது. அவர்கள் போனை நாங்கள் தொடுவதே இல்லை. மூக்கு அரித்தால் சொறிந்துவிடுவது மட்டும் உண்டு.

எல்லாருக்கும் என்பதில்தான் நான் நழுவப் பார்த்தேன். முடிக்கு நிறம் போட்டதில் தகராறு செய்த ஒரு அம்மா இருந்தார். செம்பழுப்பு கேட்டார், கத்திரிக்காய் நிறம் வந்தது. படியில் நின்று தெருவுக்கே கேட்கும்படி பேசிவிட்டுப் போனார். மறுநாள் கூப்பிட்டுச் சரிசெய்து கொடுத்தோம், அப்போதும் முகம் தெளியவில்லை. அந்த வாரம் செய்தி அனுப்ப நான் எழுதிய பட்டியலைப் பார்த்துவிட்டு என்னோடு இருப்பவள் சொன்னாள்.

"ஒரு பேரு விட்டுப் போச்சேக்கா."

"யாரு?"

"கத்திரிக்கா."

"அவிய நம்பர் என்கிட்ட இல்லக்கா."

அவள் தன் போனிலிருந்து நம்பரைச் சொன்னாள். நான் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். அனுப்பிய பிறகு இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் திறந்தால் மூன்று நட்சத்திரம். "நிறம் சொன்னபடி வரவில்லை. மறுநாள் சரிசெய்து தந்தார்கள். படிக்கட்டு மிகவும் செங்குத்து." மூன்றை வாங்கிக்கொண்டு நான் அப்படிச் சந்தோஷப்பட்டதைப் பார்த்து என் கணவர், ஐந்து வந்தபோதுகூட நான் இப்படி இருந்ததில்லை என்றார். அந்த ஐந்தையெல்லாம் எழுதியது யார் என்று எனக்குத் தெரியும் அல்லவா. இரண்டு வாரத்தில் படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி வைத்தோம். பெயின்ட்டை அண்ணாச்சி அட்டை காட்டிக் கேட்டுத்தான் கொடுத்தார்.

சாகுபுரத்துப் பெண்ணின் சித்தி மகள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கல்யாணத்தன்று காலையில் அறைக்குள் போனால் அவள் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த சாகுபுரத்து அக்காவும் இருந்தாள்.

"அக்கா எல்லாம் சொன்னா" என்றாள் மணப்பெண். "தலையும் மருதாணியும் நல்லா செய்வியளாம். கலர் மட்டும்தான் கேக்க மாட்டியளாம். அதனால டப்பா நானே வாங்கியாந்துட்டேன்."

பையிலிருந்து புது ஃபவுண்டேஷன் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டேன். முதலில் தாடை ஓரத்தில் கொஞ்சம் தடவி, இரண்டு பேரையும் ஜன்னல் பக்கம் கூப்பிட்டு வெளிச்சத்தில் காட்டி, "இது சரியாம்மா?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு மணப்பெண்ணிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மூத்தவள் குனிந்து, லேபில் ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"சரிக்கா" என்றாள். அவள் போட்ட இரண்டு நட்சத்திரம் இரண்டாகவே இருக்கிறது. மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்க நாலைந்து தடவை வாய் வரைக்கும் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் கழித்து இளையவளுக்கு வழக்கமான செய்தி போனது. அன்று சாயங்காலமே எழுதிவிட்டாள். நாலு நட்சத்திரம். "கேட்ட நிறத்தில் செய்தார்கள். நேரத்துக்கு வந்தார்கள். பேச்சு கொஞ்சம் அதிகம்."

மறுநாள் முழுக்க நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். காலையில் வந்த முதல் பெண்ணுக்கு முடி வெட்டி, முகம் துடைத்து, புருவமும் எடுத்து முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து என்னைக் கவலையோடு பார்த்தாள்.

"என்னக்கா, வீட்ல எதும் பிரச்சினையா?" என்று கேட்டாள்.

என்னோடு வேலை பார்ப்பவள் மூலையில் துண்டு மடித்தபடியே எனக்கு முந்திக்கொண்டு, "பல்லுவலிம்மா" என்று சொன்னாள்.